காசில்லாத மென்பொருளில் கணக்கு தப்புமா?

‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழி இலவசம். ஆகவே மாணவர்கள் பழகிப்பார்க்க ஆகும், பொறுப்பான ஆய்வுக்கு ஆகாது என்ற நம்பிக்கை பலரிடம் ஊறிக் கிடக்கிறது. ‘ஆர்’ வளர்ந்த விதமே இந்த நம்பிக்கையை மறுக்கிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் தொடங்கிய ‘எஸ்’ மொழியின் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள்; 1995இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அதனால் ஒவ்வொரு கணக்கும் உள்ளே எப்படிப் போடப்படுகிறது என்பதை எவரும் திறந்து படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தச் சொல்லலாம். மூடிய மென்பொருளை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த உரிமை கிடைக்காது.

சேந்தமங்கலம் வட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவனம்தான் பெருஞ்செலவு. எந்தத் தீவனம் எடுபடும் என்பது அவருக்கு அன்றாடக் கேள்வி. ‘ஆர்’ மொழியைக் கணினியில் நிறுவும்போது கூடவே வரும் தரவுகளில் ஒன்று இதையேதான் பேசுகிறது: 71 குஞ்சுகள், ஆறு வகைத் தீவனம், ஆறு வாரம் கழித்து எடை. சூரியகாந்தி தின்றவை சராசரியாக 329 கிராம். கேசீன் என்ற பால்புரதம் தின்றவை 324. சோயா தின்றவை 246. ஐந்து கிராம் கூடுதலைப் பார்த்துக் கேசீனைவிடச் சூரியகாந்தியே மேல் என்று முடிவுகட்டுவது அவசரம். சூரியகாந்திக் குஞ்சுகளுக்குள்ளேயே 226 கிராமும் உண்டு, 423 கிராமும் உண்டு. அந்தச் சிதறலுக்கு முன் ஐந்து கிராம் எம்மாத்திரம்? சோயாவோடு உள்ள 82 கிராமுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தையோ தற்செயல் என்று தள்ள முடியாது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனைக்கு ‘ஆர்’ மொழியில் ஒரு வரி போதும். இந்த எண்களை நம் ஊர் முட்டைக்கோழிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சோதிக்கும் முறையைப் பொருத்தலாம்.

கட்டளை எழுதப் பழக வேண்டுமே என்ற தயக்கம் நியாயமானது. முதல் சில வாரங்கள் சிரமம்தான். ஆனால் எழுதிய கட்டளை அழியாமல் நிற்கும். எந்தத் தரவைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதை அடுத்தவர் வரிவரியாகச் சரிபார்க்கலாம். அந்தத் தடம் எக்செல் கட்டங்களில் எளிதில் ஒளிந்துகொள்ளும். பொருளியல் அறிஞர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் அரசுக் கடன் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சராசரி ஐந்து நாடுகளைத் தவறவிட்டிருந்தது. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே பெற்றுப் பார்த்த பிறகுதான் அது வெளிப்பட்டது. கட்டளை எழுதவே வராது என்பவருக்கும் வழியுண்டு: கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கிரேப்ஸ்’ தளத்தில் தரவை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும், பின்னால் கணக்குப் போடுவது இதே ‘ஆர்’தான்.