கைத்தொழிற் பயிற்சியும் சைவப் பாடசாலையும்

கல்வியென்பது ஏட்டிலுள்ளதை மனத்தில் ஏற்றிக்கொள்ளுதல் மாத்திரமன்று. மனம் அறிந்ததைக் கை செய்து முடித்தலும் கல்வியேயாம். நம் பாடசாலைகளிலோ முன்னையதே கல்வியென்றும், பின்னையது கல்லாதார்க்கு விதித்த தொழிலென்றும் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. இஃது சைவத்துக்கு ஒத்ததாமோ என ஆராய்தல் ஆசிரியராகிய நமது கடன்.

பெரியபுராணத்தை மாணாக்கருக்கு ஓதுவிக்கும் நாம், அடியார் பலரும் கைத்தொழிலாலேயே தொண்டு செய்தமையைக் கருதுவதில்லை. திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். நேசர் ஆடை நெய்தார். திருக்குறிப்புத்தொண்டர் அடியாரது கந்தையை வெளுத்தார். அதிபத்தர் கடலில் வலை வீசினார். நாவுக்கரசரெனப் பெயர் பெற்ற பெருமானுடைய திருக்கரத்திலிருப்பது உழவாரப்படையன்றோ? அவர் பதிகத்தைப் படிப்பிக்கும் நாம் அவர் படையைத் தொட நாணுதல் என்னை?

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுகநாவலரவர்கள், அதனோடு அமையாது அச்சியந்திரமும் நிறுவினார்கள். நமது நூலுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருத்தல் ஆகாதென்பதே அதன் கருத்து. பின்னர், 1932ஆம் ஆண்டு கண்டியை அடுத்த ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித்திட்டம் தொடங்கப்பெற்றது. பயிர்ச்செய்கையும் கைப்பணியும் அங்கே பாடங்களாயின. ஆயினும் பெற்றோர் அதனைத் தாழ்ந்த கல்வியென எண்ணி, ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையுமே விரும்பினமையால் அது நிலைபெற்றிலது.

இப்பிழையில் யானும் பங்குடையேன். யான் பயின்ற மிஷன் பாடசாலையில் தச்சுப்பட்டறையொன்று இருந்தது. "தச்சனாகவோ உன்னை அனுப்பினோம்?" என்றனர் வீட்டார், யானும் புத்தகத்தோடு ஒதுங்கினேன். யுத்தத்தின் பின் இடம்பெயர்வினின்றும் மீண்டபொழுது, கூரையிழந்த வீட்டின் முன்னே, ஒரு கைமரத்தை மட்டம் பார்த்து இருத்தவும் அறியாதவனாய் நின்றேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சென்ற என் மாணாக்கனொருவனே வந்து கூரை எழுப்பித் தந்தான். "இவன் படிக்கமாட்டான்" என்று பன்முறை சொல்லிய வாய் என்னுடையது.

கட்டுக்கரைக் குளமோ நமக்கு வாய்த்த பெரும் பாடநூல். அருவியாற்று நீரைத் தேக்கம் அணையிலே மறித்து, வாய்க்காலாற் குளத்துக்குக் கொணர்ந்து, துருசின் வழியே சிறுகுளங்களுக்கும் வயல்களுக்கும் பகிர்ந்தளிக்கும் அமைப்பில் கணிதமும் பூமிசாத்திரமும் ஒருங்கேயுள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டு முதலாக இவ்விடத்து நடாத்திய அகழ்வில் சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டன. பழையோர் இம்மண்ணைக் கையாற் பிசைந்தே வழிபட்டனரென்பது அவற்றாற் புலனாகும்.

ஆதலின், வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பின்வருமாறு பயிற்றலாம்.

முதலாவது, ஓலை. சார்வோலையை வார்ந்து பெட்டி இழைத்தலும், கடகத்தை நாராற் பொத்துதலும் சிறுவர்க்கு ஏற்றன. விளிம்பு கோணினால் எண்ணிக்கை தவறியதென்பதைப் பெட்டியே காட்டிவிடும்.

இரண்டாவது, கயிறு. ஒரு கயிற்றைப் பன்னிரண்டு சமபாகமாக முடிச்சிட்டு, மூன்று, நான்கு, ஐந்து பாகங்களைப் பக்கங்களாகக் கொண்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் பிறக்கும். வீட்டு மூலை பிடித்தற்கு இதுவே போதும்.

மூன்றாவது, மண். சிறு பாத்தியில் வரம்பு கட்டி நீர்விட்டால், மேடும் பள்ளமும் நீரினாலே தெரியவரும்.

நான்காவது, தையலும் சமையலும். இவை ஆண்பிள்ளைகளுக்கும் உரியன.

இவற்றுள் எதனையும் சாதி பற்றியாதல், ஆண் பெண் பற்றியாதல் பிரித்துக் கொடுத்தல் கூடாது. பிரித்தால் பயிற்சி தண்டனையாய்விடும். ஆசிரியரும் மாணாக்கரோடு நிலத்திலிருந்து கற்றல் வேண்டும். யானும் இப்பொழுதுதான் கடகம் பொத்தப் பழகுகின்றேன். ஒரு சிறுமி என் பிழைகளைத் திருத்துகின்றாள். அதில் நாணம் ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகள் பிறரிடம் கையேந்தாது வாழ்தற்கும், தொண்டு செய்தற்கும் உழவாரம் ஏந்திய பெருமான் திருவருள் துணைசெய்வதாக.