விட்டதைப் பிடிக்க முடியுமா?
(சூதாட்டம் என்னும் நோயும் அதற்கான சிகிச்சையும்)



சூதாட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் தருமர்தான். செல்வம், நாடு, தம்பிமார், தான், கடைசியில் மனைவி என்று எல்லாவற்றையும் பகடையில் வைத்துத் தோற்றார். சூது கெடுதல் என்று தருமருக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் ஏன் எழுந்து வர முடியவில்லை? இதற்கு இன்றைய மருத்துவம் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். காபி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். பக்கத்து லைனில் ஒரு மாமா இருக்கிறார். குடி கிடையாது, பீடி கூடக் கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வாரக்கூலி கைக்கு வந்தால் மூணு நம்பர் லாட்டரிக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுக்கிறவர்கள் ஓயவில்லை. அத்தையின் தோடு போச்சு. மகளின் படிப்பு பத்தாவதோடு நின்னுபோச்சு. ஊரார் "கொழுப்பு" என்றார்கள். மாமாவோ, "விட்டதைப் பிடிச்சுட்டா நிறுத்திடுவேன் தம்பி" என்பார்.

நண்பர்களே, நோயின் வேர் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் கணக்குப் படித்தவர்கள். போட்டுப் பார்ப்போம். 000 முதல் 999 வரை 1000 எண்கள். ஒரு சீட்டு 60 ரூபாய், மூன்று நம்பரும் சரியாக வந்தால் பரிசு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணையும் ஒருவரே வாங்கினால் செலவு 60,000, வரவு 25,000. அதாவது ஒவ்வொரு 60 ரூபாயிலும் 35 ரூபாய் விற்றவனுக்கு! அதிகம் ஆடினால் விட்டதைப் பிடிக்க முடியாது. இன்னும் அதிகமாக விடத்தான் முடியும்.

"பத்து தடவை வரல, இனிமே வந்தே தீரும்" என்பது அடுத்த மயக்கம். 1913-இல் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் ஓட்டாண்டி ஆனார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது!

மூளையில் நடப்பது

எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றுகிறது. ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். "ஒரு நம்பர்ல போச்சே!" என்ற தோல்வியும் ஆசையைத் தணிப்பதில்லை, தூண்டவே செய்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் மது, போதைப் பழக்கங்கள் உள்ள பிரிவுக்கே மாற்றியது. நம் வள்ளுவரைப் பாருங்கள்! 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து!

கையிலிருக்கும் களம்

லாட்டரி வாங்கக் கடைக்குப் போக வேண்டும். ஆன்லைன் ரம்மியோ போர்வைக்குள்ளேயே வந்துவிட்டது. பல உயிர்கள் போன பிறகு, 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. 2023-இல் மாநிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்று அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகப் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. சட்டம் கடையை மூடும். மனசுக்குள் இருக்கும் கடையை யார் மூடுவது?

அறிகுறிகள்

1. பந்தயத் தொகை ஏறிக்கொண்டே போவது.
2. நிறுத்தினால் எரிச்சல், தவிப்பு.
3. நிறுத்த முயன்று முயன்று தோற்பது.
4. எந்நேரமும் அதே நினைப்பு.
5. மனம் சரியில்லாதபோது ஆடப் போவது.
6. விட்டதைப் பிடிக்க மறுநாளே போவது.
7. பொய் சொல்லி மறைப்பது.
8. படிப்பு, வேலை, உறவுக்கு ஆபத்து.
9. பணமுடைக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது.

ஓராண்டுக்குள் இவற்றில் நான்கு இருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை உண்டு!

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். அதனால்தான் டிரைவர் அண்ணன் மேலேயே கியரைக் குறைத்துவிடுகிறார். மன உறுதி என்பது பிரேக். பணத்தை வீட்டார் பொறுப்பில் விடுவது, போனிலிருந்து ஆட்டத்தை நீக்குவது, கடன் கணக்கை ஒளிக்காமல் எழுதுவது ஆகியவை கியர். இரண்டும் வேண்டும்.

மருத்துவர்கள் பேச்சு வழியாகவே தவறான நம்பிக்கைகளை மாற்றுகிறார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. வீட்டார் சத்தமில்லாமல் கடனை அடைத்துவிடுவது உதவி அல்ல. அது அடுத்த ஆட்டத்துக்கான முதல்!

எஸ்டேட் நர்ஸ் அக்கா சொல்லித்தான் அத்தை மாமாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். இப்போது கூலி அத்தையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நடுவில் ஒருமுறை சறுக்கினார், சிகிச்சையை விடவில்லை. மகள் டுடோரியலில் சேர்ந்திருக்கிறாள்.

நண்பர்களே! உங்கள் அறைத்தோழன் அடிக்கடி கடன் கேட்கிறானா? இரவெல்லாம் போனோடு விழித்திருக்கிறானா? திட்டாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

விட்ட பணம் திரும்பாது. விட்ட நண்பனைப் பிடித்துவிடலாம்!