மாதிரி ஓட்டை அழிக்காமல் விடாதே

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று போனில் நீ மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், "செய் தாயி, நல்லா செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். உன் அத்தைதான், "வாயால் சொன்னால் ரெண்டு பேருக்கும் சண்டையில் முடியும், எழுதிப் போடுங்கள்" என்றாள்.

முதலில் ஒன்று. உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம் என்று 2011 முதல் கொண்டாடுகிறோம். உறுதிமொழி வாசிப்போம், மிட்டாய் கொடுப்போம், கலைந்துபோவோம். நீ அதோடு விடாமல் பிளஸ் ஒன் பிள்ளைகள் நான்கு பேரை வேட்பாளர்களாக மேடையேற்றி, நேருக்கு நேர் விவாதிக்க வைத்து, வகுப்பையே ஓட்டுப் போட வைக்கிறேன் என்கிறாய். எங்கள் காலத்தில் 21 வயதானால்தான் ஓட்டு. 1989இல்தான் 18 ஆனது. உன் பிள்ளைகள் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வரிசையில் நிற்கப் போகிறவர்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பழகிப் பார்க்கட்டும்.

ஆனால் நான்கு பேருக்கும் நிஜக் கட்சி, நிஜச் சின்னம், தோளில் கட்சித் துண்டு என்றாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிஜக் கட்சியா, கற்பனை வேட்பாளரா என்பது உன் முடிவு. வகுப்பு உன்னுடையது. என் மனதில் இருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகளை நீ படித்திருப்பாய். துண்டு போட்ட பிள்ளையை எவனாவது போட்டோ எடுப்பான். மற்ற மூவரையும் வெட்டிவிட்டு அந்த ஒருவனை மட்டும் வாட்ஸ்அப்பில் போடுவான். சாயங்காலம் பள்ளி வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். மறுநாள் உன்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். உன் ஆர்டர் வந்த அன்று உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உன் கதை கிடக்கட்டும், பிள்ளைகளைப் பார். அந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கொடி பறக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கொடிக்குப் பின்னால் சாதி நிற்பதும் தெரியும். சாதி, மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 123ஆம் பிரிவு சொல்கிறது. வாக்காளரின் சாதி, மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. நிஜத் தேர்தலிலேயே இவ்வளவு காவல் போட வேண்டியிருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் நீ எப்படிக் காவல் காப்பாய்?

கென்னடியும் நிக்சனும் பேசிய 1960 விவாதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போவதாகச் சொன்னாய். காட்டு. நிக்சன் முழங்கால் புண்ணுக்காக மருத்துவமனையில் கிடந்து எழுந்து வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல். அவருடைய வெளுத்த முகமும் வேர்வையும்தான் கடைசியில் ஊர்ப்பேச்சானது. அதற்கு நூறு வருடம் முந்தைய விவாதங்கள் உனக்கு இன்னும் உதவும். 1858இல் லிங்கனும் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில் பேசினார்கள். முதலில் பேசுகிறவருக்கு ஒரு மணி நேரம், அடுத்தவருக்கு ஒன்றரை மணி, மறுபடி முதலில் பேசியவருக்கு அரை மணி. ஊருக்கு ஊர் முறை மாறும். ஏழு ஊரிலும் முக்கியமாக அலசியது ஒரே கேள்வியை: புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவலாமா கூடாதா? லிங்கனுக்கு அந்தத் தடவை பதவி கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றது.

நீயும் ஒரே கேள்வியைக் கொடு. உங்கள் பள்ளி விடுகிற நேரத்துக்கு டவுன் பஸ் வருவதில்லை என்று எத்தனை தடவை என்னிடம் புலம்பியிருக்கிறாய்! அதையே வை. "ஜெயித்தால் பஸ் விடுவேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "யார் விடுவது?" என்று வகுப்பு கேட்க வேண்டும். ஊராட்சித் தலைவரால் முடியுமா, எம்.எல்.ஏ.வால் முடியுமா, போக்குவரத்துக் கழகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், கிராம சபையில் தீர்மானம் போட்டால் அது எங்கே போகும்? இதைத் தெரிந்துகொண்டு வந்து பேசுகிற பிள்ளைதான் வேட்பாளர். வேட்புமனுவோடு சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்களே, அதுபோல ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுதித் தரட்டும்: என்ன செய்வேன், எந்த அதிகாரத்தில் செய்வேன், பணம் எங்கிருந்து வரும். எந்தப் பக்கம் யார் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடு. அந்தக் காலத்தில் உத்திரமேரூரில் சபைக்கு ஆள் எடுக்கக் குடத்திலிருந்து ஓலையை ஒரு சிறுவனைக் கொண்டுதான் எடுக்கச் சொன்னார்கள். உன் வகுப்பிலும் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து எடுக்கட்டும்.

இனி நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

1977 மார்ச். மக்களவைத் தேர்தல் நேரம். எங்கள் பள்ளியிலும் மாதிரித் தேர்தல் வைத்தார்கள். நான் பதினொன்றாவது, உன் அம்மா ஒன்பதாவது. நான்கு வேட்பாளர்களில் அவள் ஒருத்தி. மற்ற மூவரும் சினிமா வசனம் மாதிரி முழங்கினார்கள். அவள் தாளைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. நான் ஜெயித்தால் முதலில் அதைக் கேட்பேன்." அன்றைக்கு மேடையில் பேசப்பட்டதில் உண்மையான கோரிக்கை அது ஒன்றுதான். பையன்கள் கைதட்டினார்கள், கயல். பாராட்டிக் கைதட்டவில்லை. நிறுத்தாமல், தாளம் போட்டு, அவள் உட்காரும்வரை தட்டினார்கள். நடத்திய வாத்தியாரும் சிரித்தார். அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், தாத்தா கோபத்தில் ஒருநாள் சொல்லிவிட்டாரே.

சாயங்காலம் தேர்தல் முடிந்தது. பெயர் முடியவில்லை. தெருவில், கிணற்றடியில், கோயில் கொடையில் கூடவே வந்தது. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னதெல்லாம் பொய். நானும் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை இதுவரை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

2019 ஏப்ரல் 18, என் கடைசித் தேர்தல் பணி. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருந்தேன். வாக்குப்பதிவுக்கு முன்னால் ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு வாக்குப்பதிவு இயந்திரத்தில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட வேண்டும். ரிசல்ட் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு கிளியர் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியம் வந்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒப்புகைச் சீட்டுகளைக்கூட எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூட வேண்டும். அழிக்க மறந்தால் மாதிரி ஓட்டு நிஜ ஓட்டோடு கலந்துவிடும். அந்தப் பட்டனை அழுத்தும்போது எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்தது. அவளுக்கு விழுந்த பெயரை யாரும் அழிக்கவில்லை. இத்தனை வருடமாக எண்ணிக்கையில் இருக்கிறது.

அதனால் விவாதம் முடிந்து, ஓட்டு எண்ணி, அப்படியே மணியடித்துவிடாதே. கால் மணி நேரம் மிச்சம் வை. நான்கு பேரும் கீழே இறங்கி வட்டமாக உட்காரட்டும். வேட்பாளர் அட்டையைக் கழற்றிவிட்டு அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லட்டும். எதிராளி பேசியதில் தனக்குச் சரியென்று பட்ட ஒன்றைச் சொல்லட்டும். உட்கார்ந்திருந்த பிள்ளைகளும், எதைக் கேட்டு மனது மாறியது என்று சொல்லட்டும். மேடையில் பேசிய எதையும் வெளியே பட்டப்பெயராக்கக் கூடாது என்று நீயே சொல். நடுவில் யாரும் கைதட்டக் கூடாது. மாலை வேண்டாம், பரிசும் வேண்டாம். தனிவாழ்க்கையைப் பேசக் கூடாது என்று நிஜ வேட்பாளர்களுக்கே தேர்தல் நடத்தை விதி இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கு. மறுநாள், குறைவாக ஓட்டு வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு.

நிறையச் சொல்லிவிட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. பாதியைக் கிழித்துப் போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ என்னைவிட நல்ல டீச்சர். அன்றைக்கு அந்த மேடைக்குக் கீழே உன்னைப் போல ஒருத்தி நின்றிருந்தால் எங்கள் வீட்டுக் கதையே வேறு. துண்டுதான் போடுவேன் என்றால் போடு தாயி, வருவதைப் பார்த்துக்கொள்ளலாம், மாமா இருக்கிறேன். மைக்செட் வாடகையை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. அத்தை முறுக்குச் சுடுகிறாள், வகுப்புக்கே காணும்.

நான்கில் இரண்டு பேராவது பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். அம்மாவையும் கூப்பிடு. வர மாட்டேன் என்பாள். நான் போய் அழைத்துக்கொண்டு வருகிறேன். வழியில் அவளிடம் சொல்ல வேண்டியது எனக்கும் ஒன்று இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உன் மாமா