மெசேஜ் குவியலுக்குள் அவசரம் தொலையலாமா? சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஏழரை மணி. மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தில் மேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் சித்தி முதலில் எடுப்பது டிக்கெட் இல்லை, செல்போன். அவர் கிராம சுகாதார செவிலியர். யானைமலை கண்ணில் படுவதற்குள் முந்தைய இரவு வந்த மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே வருவார். ஆரம்ப சுகாதார நிலையக் குரூப், வட்டாரக் குரூப், தன்னார்வலர் குரூப், தாய்மார்கள் குரூப் என்று வரிசையாக நிற்கும். நடுவில் "மெயில் பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வியும் இருக்கும்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் அந்த வரி அவர் கண்ணில் பட்டது. கர்ப்பிணி ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு: ஹீமோகுளோபின் 6.8. கர்ப்ப காலத்தில் 7-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. முடிவு குரூப்பில் வந்தது முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு. அதற்கு அப்புறம் ஒருவரின் பிறந்தநாள், வாழ்த்துகள், நன்றிகள், இரண்டு பிடிஎஃப் சுற்றறிக்கை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு வரி புதைந்து கிடந்தது.

சித்தி பஸ்ஸிலிருந்தே போன் போட்டார். அந்தத் தாய் அன்று மதியமே மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சித்தி இன்றும் சொல்வார்: "ஒரு போன் அடிச்சிருந்தா அன்னைக்கு சாயந்திரமே போயிருப்பேன்டி. மெசேஜ் வந்துச்சுதான். ஆனா எனக்கு வந்து சேரல."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியதுதான்.

ஏன் இவ்வளவு குவிகிறது?

சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குழந்தை எடை என எல்லாவற்றையும் செவிலியர் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதியவும் வேண்டும். 2008-ல் தொடங்கிய பிக்மி இணையப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரமும் ஏறுகிறது. மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவு எண் தேவை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குத் தனிப் பதிவு உண்டு. இவை எல்லாம் மக்களுக்குப் பயன் தரும் வேலைகள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே தகவல் மெயிலில் வருகிறது, அதே பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வருகிறது, பிறகு அதைப் பற்றி விசாரிக்க ஒரு போனும் வருகிறது.

பெரிய மருத்துவமனைகளில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், எது உண்மையான ஆபத்து என்று காது பிரித்து அறியாது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் இதைப் பற்றி எச்சரித்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருந்தார்கள் என்றது. நம் செல்போனின் "டிங்" சத்தமும் அப்படித்தான். வாழ்த்துக்கும் அதே சத்தம், 6.8-க்கும் அதே சத்தம்.

முதல் பாடம்: மூன்றாகப் பிரியுங்கள்

1. உயிர் சம்பந்தப்பட்டது: போன் மட்டும். ஆபத்தான பரிசோதனை முடிவு, ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தைக்கு மூச்சுத்திணறல் போன்றவை. அழைத்துப் பேசி, எதிரில் இருப்பவர் "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் தகவல் சேர்ந்ததாகக் கணக்கு. பதிவுக்காகப் பிறகு மெசேஜும் போடலாம்.
2. இன்றைக்குள் தெரிய வேண்டியது: வாட்ஸ்அப். தடுப்பூசி முகாம் இடமாற்றம், மருந்து இருப்பு போன்றவை.
3. மற்றவை: மெயில். அறிக்கை, சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு.

இதை ஒரு தாளில் எழுதி சுகாதார நிலையச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே விதி இருந்தால்தான் பலன்.

இரண்டாம் பாடம்: மெயிலுக்கு நேரம் ஒதுக்குங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 124 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்த்தபோது, விருப்பப்படி பார்த்த வாரத்தைவிட மன அழுத்தம் குறைவாக இருந்தது. நமக்கு ஏற்றபடி சொன்னால்: வெளிநோயாளிகள் வருமுன் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, வேலை முடியுமுன் ஒரு முறை.

ஜிமெயிலில் ஃபில்டர் வசதி உண்டு. மாவட்ட அலுவலக மெயில், பயிற்சி மெயில் என்று தனித்தனி லேபிள் போட்டுவிட்டால் தானாகப் பிரிந்து நிற்கும். ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

மூன்றாம் பாடம்: வாட்ஸ்அப்பை ஒழுங்குபடுத்துங்கள்

* சுற்றறிக்கைக் குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றுங்கள். "நன்றி", "ஓகே சார்" குவியாது.
* வாழ்த்துக்குத் தனிக் குரூப் வையுங்கள். வாழ்த்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைப்பளுவில் அதுவும் ஒரு ஆறுதல்தான். இடம்தான் வேறு.
* அவசரமில்லாத குரூப்களை எப்போதும் மியூட்டில் வையுங்கள்.
* இரவில் டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். மருத்துவ அலுவலர், பிரசவ தேதி நெருங்கிய தாய்மார்கள் ஆகியோரின் எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். சில நிமிடங்களுக்குள் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம்.
* நோயாளியின் ஆதார் படம், பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் பெரிய குரூப்பில் போடாதீர்கள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் சட்டமே வந்திருக்கிறது.

நான்காம் பாடம்: அலுவலர்களுக்கு

பணியாளர் தனியாக எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், மேலிருந்து இரவு பத்து மணிக்கு "உடனே அனுப்பவும்" என்று வந்தால் எல்லாம் வீண். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகி நிற்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மருத்துவப் பணியை அப்படியே முழுவதும் மூட முடியாது. ஆனால் முறை வைத்துக்கொள்ளலாம்: இன்று இரவு அவசர அழைப்பு யாருக்கு என்று பட்டியல் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இரவில் எழுதும் மெயிலைக் காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதியும் ஜிமெயிலில் இருக்கிறது. ஒரே சுற்றறிக்கையை மூன்று வழியில் அனுப்பாமல் இருப்பதே பெரிய உதவி.

மனசையும் கவனியுங்கள்

தீராத களைப்பு, வேலையின் மீது வெறுப்பு, "நான் செய்யுறது எதுவும் சரியில்ல" என்ற எண்ணம். இந்த மூன்றையும் பணிச்சூழலால் வரும் சோர்வின் அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. இது சோம்பேறித்தனம் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்தவருக்கு இந்த எண்ணைச் சொல்லும் நாமும் அழைக்கலாம், தப்பே இல்லை.

பொதுமக்கள் செய்யக்கூடியது

அவசரம் என்றால் செவிலியருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். பொதுவான மருத்துவச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது. செவிலியரின் எண்ணுக்குக் காலை வணக்கப் படங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இப்போது சித்தியின் சுகாதார நிலையத்தில் ஆபத்தான முடிவு வந்தால் ஆய்வகத்திலிருந்து நேராகப் போன் வருகிறது. காலை பஸ்ஸில் அவர் மெசேஜ் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. ஆனால் பயந்துகொண்டே பார்ப்பதில்லை. "அவசரம்னா போன் வந்திருக்குமே" என்கிறார். ஒத்தக்கடை தாண்டியதும் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலோரம் கொஞ்சம் கண்ணயர்கிறார்.