மணியின் மேல் எத்தனை கார்பாக்சில்?

கேள்வி: ஆன்டிபாடி இணைப்பதற்காக 1 மைக்ரான் பாலிஸ்டைரீன் நுண்மணிகள் வைத்திருக்கிறேன். மேற்பரப்பிலுள்ள கார்பாக்சில் குழுக்களை அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. எந்த முறையை நம்புவது?

பதில்: அளப்பதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போடுங்கள். இந்த அளவு மணிகள் 1 கிராமுக்கு ஏறத்தாழ 5.7 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. சதுர நானோமீட்டருக்கு ஒரு குழு என்று கொண்டால், கிராமுக்கு 9.5 மைக்ரோமோல். அதை நடுநிலையாக்க 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லிலிட்டர்கூடத் தேவையில்லை. 50 மில்லிகிராம் மணியை வைத்துத் தரம்பார்த்தால் விடை ப்யூரெட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.

அடுத்தது கழுவுதல். எண் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தயாரிப்பில் மிஞ்சிய அக்ரிலிக் அமிலமும் நீரில் கரைந்த பாலிமரும் மணியின் கணக்கில் சேர்ந்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு மேல்நீரின் கடத்துத்திறன் மேலும் இறங்காத நிலை வரும்வரை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி நீரை மாற்றுங்கள். கழுவும்போது மணிகளும் கொஞ்சம் போய்விடும். ஆகவே கடைசியில் ஒரு பகுதியை உலர்த்தி எடை பாருங்கள்.

போதிய மணி இருந்தால் கடத்துத்திறன் தரம்பார்த்தலே நல்லது. நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே செய்யுங்கள். காற்றிலிருந்து கரையும் கார்பன் டைஆக்சைடும் மென் அமிலமாகக் கணக்கில் ஏறும். வரைபடம் முதலில் இறங்கும்: தயாரிப்பில் தொடக்கியாகச் சேர்த்த பெர்சல்பேட் விட்டுச்சென்ற சல்பேட் குழுக்கள், கழுவாமல் நின்ற அமிலம் இரண்டும் அங்கே தெரியும். பிறகு மெல்ல ஏறும் பகுதிதான் கார்பாக்சில். அதன்பின் செங்குத்தாக ஏறுவது மிகுதிக் காரம்.

மணி குறைவாக இருந்தால் டொலுய்டின் புளூ சாயம். பிஎச் 10-இல் ஒட்டவிட்டு, அதே பிஎச்சில் கழுவி, 50 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கழற்றி, 630 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலை அளக்கலாம். ஒரு குழுவுக்கு ஒரு சாய மூலக்கூறு என்பது இதன் அனுமானம். சாயம் எட்டாத குழுக்கள் கணக்கில் வராததால் எண் குறைவாக வரக்கூடும்.

சதுர நானோமீட்டருக்கு 5 குழுக்களுக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். தட்டையான பரப்பில் அத்தனை அடங்காது. கழுவியது போதவில்லை, அல்லது மணியின் மேல் பாலிமர் இழைகள் ரோமம்போல் நீண்டிருக்கின்றன. ஜீட்டா மின்னழுத்தத்தைக் கொண்டு எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

ஆன்டிபாடி சாயத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அது அமரும் இடத்தில் பல பத்துக் கார்பாக்சில்கள் அடங்கலாம். எனவே இந்த எண்ணைத் தொகுதிக்குத் தொகுதி ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆன்டிபாடி ஏறியது என்பதை, இணைத்தபின் மேல்நீரிலும் கழுவிய நீரிலும் மிஞ்சிய புரதத்தை அளந்து முடிவுசெய்யுங்கள்.