தேயிலை கூறும் சாட்சியம்

உயிர்கள் யாவும் தாம் வாழும் இடத்தே தம் அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. மீனின் செதில், தவளையின் தோற்கசிவு, பறவையின் எச்சம், புழுவின் உமிழ்நீர் ஆகிய ஒவ்வொன்றிலும் அவ்வுயிரின் பரம்பரைக் குறிப்பாகிய டி.என்.ஏ. அடங்கியுள்ளது. நீரிலும் மண்ணிலும் காற்றிலும் இவ்வாறு கலந்து கிடப்பதையே விஞ்ஞானிகள் 'சுற்றாடல் டி.என்.ஏ.' என்பர். அதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தால், உயிரைக் கண்ணாற் காணாமலே அஃது அங்கிருந்தமையை அறியலாம். 2008ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு ஆய்வாளர் குளத்து நீரைக்கொண்டே, அங்கு வந்தேறிய அமெரிக்கப் பெருந்தவளையின் இருப்பைக் கண்டறிந்தனர்.

2022ஆம் ஆண்டில் இவ்வாய்வு தேயிலை மலையினராகிய நமக்கு மிக அணித்தாயிற்று. ஜெர்மனியின் திரியர் பல்கலைக்கழக ஆய்வாளர், கடைகளில் விற்கும் உலர்ந்த தேயிலையையும் மூலிகைகளையும் ஆராய்ந்தனர். பச்சைத் தேயிலைப் பையொன்றில் 400 வரையான பூச்சியினங்களின் தடயம் கிடைத்தது. இதனைக் கேட்டு எவரும் தேநீரை வெறுக்க வேண்டா. பைக்குள் பூச்சிகள் கிடந்தன என்பதன்று பொருள். இலையைக் கடித்த பூச்சியின் உமிழ்நீரும், அதில் ஊர்ந்த பூச்சியின் எச்சமுமே அத்தடயமாம். பசுமையான இலையின்மேற் படிந்ததை மழை கழுவும்; வெயில் அழிக்கும். உலர்த்தி, ஒளி படாது காத்த இலையோ அதனை நெடுநாள் பேணும்.

இதனால் நமக்கு ஆவதென்ன? தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வரலாறு இதற்கு விடை பகரும். தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து, உள்ளிருந்து தின்னும் புழுவொன்று முன்னாளிற் பெருந்தொல்லை தந்தது. 1930களில் யாவாவிலிருந்து சிறு குளவியினமொன்று கொணரப்பட்டது. அக்குளவி புழுவினுள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். தொல்லை தணிந்தது. பின்னர், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, குளவியும் மாண்டது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. பகையை அழிக்கப் புகுந்து துணையை இழந்தமையே இது. செடியில் யார் யார் வாழ்கின்றனர் என்பதை அறியாது மருந்து தெளிப்போர்க்கு இவ்வாபத்து என்றும் உண்டு. உலர்ந்த இலையின் சாட்சியம் அவ்வறியாமையைக் குறைக்கவல்லது.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உள. ஓருயிர் இருந்தது என்று அது கூறும். எத்தனை இருந்தன, இன்னும் உயிரோடுள்ளனவா என்று திட்டமாகக் கூறாது. பல தோட்டத்துத் தேயிலை கலந்த பொதியைக்கொண்டு, எம்மலையின் பூச்சி என்றும் துணிய இயலாது. இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கிடைத்த டி.என்.ஏ.யை ஒப்புநோக்க, முன்பே பெயரிட்டுப் பதிந்த உயிர்களின் தொகுதி வேண்டும். தொகுதியிற் சேராத பூச்சியின் தடயம், ஒப்பமிட்டவர் யாரென்று தெரியாத கடிதம் போன்றதே.

அத்தொகுதியைக் கருவி தானே ஆக்கித் தராது. மலையேறித் தேடுவோரே ஆக்கல் வேண்டும். லிந்துலை மாணவர் ஒவ்வோராண்டும் குறித்த சில செடிகளின் இலைகளைக் கொய்து, நிழலில் உலர்த்தி, இடமும் நாளும் எழுதிக் காகித உறையிற் காப்பாராயின், அது பிற்கால ஆய்வாளர்க்குப் பெருநிதியாகும். கொழுந்து பறிக்கும் தாய்மார் பூச்சிகளுக்கு வழங்கும் பெயர்களையும் உடன் எழுதி வைத்தல் நன்று. இவ்வேலைக்கு ஆய்வுகூடம் வேண்டா. பழைய மாணவர் சிறிது துணைநின்றால், இவ்வாண்டே தொடங்கலாம்.