கான்கிரீட் வீட்டுக்குள் ஓலைக் குளிர்ச்சி

புது வீடு கட்டியாச்சு. ஆனா சித்திரை வெயிலில் ராத்திரி உள்ளே படுக்க முடியலையா? மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி எனக் கடலோரத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் இந்தப் பாடம்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பனை ஓலைக் கூரையில் ஓலைமேல் ஓலையாக வேய்கிறோம். அந்த இடுக்குகளில் காற்று அசையாமல் நிற்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கான்கிரீட் அப்படியில்லை. பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, இரவில் வீட்டுக்குள் விடும்.

அப்போ குடிசையே போதுமா? போதாது. ஓலை தீப்பிடிக்கும், புயலில் பறக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்ததை இந்தக் கரை மறக்கவில்லை.

2030-க்குள் குடிசையில்லா தமிழ்நாடு என்பதே 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் இலக்கு. 2024-ல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் வழங்கப்படுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு கூரையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது.

குடிசையின் குளிர்ச்சியைப் புது வீட்டுக்கும் கொண்டுவர நான்கு வழிகள்:

1. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கரைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கோடைக்கு முன்பும் அடிக்கணும்.

2. இனிதான் கட்டப்போகிறீர்களா? கான்கிரீட்டின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே ஓடுகளைப் பதிக்கும் முறை உண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பியது இது. ஓடுகளுக்குள் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் செலவும் குறையும். பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள்.

3. ஜன்னல்களை எதிரெதிராக வையுங்கள். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறணும்.

4. மேற்குச் சுவருக்கு வெளியே, கொஞ்சம் இடைவெளி விட்டு ஓலைத் தட்டி நிறுத்துங்கள். அடுப்பும் மின்கம்பியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே கிடைக்குதே என்று கடல் மணலில் கட்டாதீர்கள். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கூரை பெயர்ந்து விழும்.

கூரை போட்ட பிறகு மாற்றுவது கஷ்டம். அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியரைப் பார்த்து, இவற்றில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள்.